நாளை மதகு

காலையில் எழுந்ததும் நஞ்சம்மா முதலில் போய்ப் பார்ப்பது பதிவுப் பலகையைத்தான். மத்தளப்பாறை அருவிக்குப் போகிற பாதையில், பேருந்து நிலையத்துக்கு எதிரே, அருவி வளர்ச்சிக் கழகம் ஒரு மின்பலகை வைத்திருந்தது. இன்றைக்கும் அடுத்து வரும் நாட்களுக்கும் எத்தனை பேர் வரப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அது சிவப்பு எழுத்தில் காட்டும். மற்ற கடைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு எவ்வளவு மீன் வாங்கலாம், எவ்வளவு எண்ணெய் காய்ச்சலாம் என்று முடிவு செய்வார்கள். எண் பெரிதாக இருந்தால் சாமி படத்துக்கு ஒரு முழம் பூ கூடும். நஞ்சம்மாவும் மீன் வறுவல் கடைக்காரிதான். ஆனால் அவள் அந்தப் பலகையில் தேடியது சைபரை.

சைபர் வந்தால் வெள்ளம் வரும். வெள்ளம் வந்தால் அவள் புருஷன் வருவான்.

இதில் புரியாததற்கு ஒன்றுமில்லை. மத்தளப்பாறையில் காவிரி இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒடுங்கி, மத்தளம் கொட்டுகிற சத்தத்தோடு விழும். அதைப் பார்க்கக் கூட்டம் வருவது ஆடியிலும் ஆவணியிலும். வெள்ளம் வருவதும் அதே ஆடியிலும் ஆவணியிலும்தான். மேலே மழை பிடித்துவிட்டால் இங்கே கயிறு கட்டிவிடுவார்கள். குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை. கோயம்புத்தூரிலிருந்து வேன் பிடித்து, புளிசோறு கட்டிக்கொண்டு வந்த குடும்பம், போலீஸ்காரரோடு சண்டை போட்டுவிட்டு, வேனிலேயே உட்கார்ந்து புளிசோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போகும். அவர்கள் வீசிவிட்டுப் போகிற வாழையிலைதான் அன்றைக்கு ஊருக்குக் கிடைத்த லாபம். அதையும் மாடு தின்றுவிடும்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் ஜெபராஜ் என்கிற திருநெல்வேலிக்கார எஞ்சினியர். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அருவிக்கு மேலே ஆற்றின் இரண்டு கரையிலும் கரைக்கொரு தூணை நட்டார். இரண்டு தூணுக்கும் நடுவே நுழைகிற வெள்ளம் அந்தப் பக்கம் வெளியே வராது. குறித்த நாளில்தான் வரும். இடைப்பட்ட நாட்களில் அது எங்கே இருக்கும் என்று பெரிய அதிகாரி ஒருவர் கேட்டாராம்.

"எங்கேயும் இருக்காது சார். இன்னைக்குத் தண்ணி நேரா அன்னைக்குப் போயிருது. நடுவில உள்ள நாள் அதுக்குக் கிடையாது. அம்புட்டுதான்."

"அருவியே வறண்டுடாதே?"

"அருவிக்கு வேண்டிய தண்ணி அது பாட்டுக்கு விழும் சார். மிச்சத்தை மட்டும்தான் தள்ளுதோம்."

அதிகாரிக்குப் பிடித்துப்போயிற்று. நடுவில் உள்ள நாளே கிடையாது என்றால் எந்த அலுவலகத்தில்தான் வேண்டாம் என்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை வெள்ளத்தை, ஆள் வராத புதன்கிழமைக்குத் தள்ளுவது என்று ஏற்பாடாயிற்று. கழகம் அந்த யந்திரத்துக்கு நீளமாக ஏதோ பெயர் வைத்தது. ஊரார் நாளை மதகு என்றார்கள். அதுதான் நிலைத்தது.

மதகு வைத்த முதல் ஆடியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளம் வந்தது. வெள்ளம் என்றால் மற்றவர்களுக்கு ஆபத்து நினைவுக்கு வரும். மத்தளப்பாறைப் பரிசல்காரர்களுக்குக் கட்டைதான் நினைவுக்கு வரும். மலையில் முறிந்த மரமெல்லாம் முதல் தண்ணீரில் மிதந்து வரும். கொக்கி போட்டு இழுத்துக் கரை சேர்ப்பவனுக்கு அது சொந்தம். ஊரில் பாதி வீட்டு வாசற்கால் அப்படி வந்ததுதான். அன்றைக்கோ வந்த கட்டையெல்லாம் தூண்களுக்கு நடுவே போய்ப் போய் மறைந்தது. கரையில் நின்றவர்களுக்கு வயிறு எரிந்தது. அதில் ஒன்று தேக்கு.

மாரப்பனுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். புது வீட்டுக்கு வாசற்கால் இன்னும் வைக்கவில்லை. பரிசலை ஆற்றில் தள்ளிவிட்டான்.

"டேய், கயிறைத் தாண்டாதடா!" என்று பரிசல்காரர்களுக்குத் தலைவரான பச்சியப்பன் கரையிலிருந்து கத்தினார்.

"புதன்கிழமை வர்றப்ப வேற எவனாவது புடிச்சுக்குவாண்ணா!" என்று இவன் திரும்பிக் கத்தினான்.

கொக்கி கட்டையில் விழுந்தது. கட்டை இழுத்தது. கட்டையும் பரிசலும் மாரப்பனுமாகப் புதன்கிழமைக்குப் போய்விட்டார்கள்.

ஜெபராஜ் நஞ்சம்மாவிடம் ஓடிவந்தார். "அழாதீங்கம்மா. அவருக்கு ஒண்ணும் ஆவாது. அவருக்கு இது கண்ணு மூடித் தொறக்கிற நேரம். புதன்கிழமை காலையில இதே பரிசல்ல வருவார். சோறாக்கி வைங்க."

ஊர் அதை நம்பவில்லை. பரிசல்காரன் ஒருவன் ஆற்றில் செத்தால், அவனுக்குக் காரியம் முடிகிற வரைக்கும் எந்தப் பரிசலும் தண்ணீர் தொடாது. எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கும். கடைகளில் அடுப்பு எரியாது. அதுதான் அங்கே வழக்கம். பச்சியப்பன் அன்று மாலையே பரிசல்களைக் கவிழ்க்கச் சொல்லிவிட்டார். நஞ்சம்மா கரைக்குப் போய், ஒவ்வொரு பரிசலாக நிமிர்த்தி வைத்தாள். ஒரு பரிசலைத் தூக்க ஓர் ஆம்பிளை வேண்டும். அவள் எப்படித் தூக்கினாள் என்று அவளுக்கே பிறகு தெரியவில்லை.

"எம் புருஷன் சாவலை. புதன்கிழமைக்குப் போயிருக்காரு. யாருக்குக் கவுத்து வெச்சிருக்கீங்க?"

புதன்கிழமை சோறாக்கினாள். அன்றைக்குப் பார்த்துச் சேலத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடமே சுற்றுலா வந்து இறங்கியது. குழந்தைகள் இருக்கும்போது வெள்ளத்தை விட முடியுமா? அடுத்த புதனுக்குத் தள்ளினார்கள். அந்தப் புதன் யாரோ மந்திரியின் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். பிறகு சுதந்திர தினம், பிறகு பூஜை விடுமுறை, தீபாவளி, அரையாண்டு லீவு, பொங்கல். 'வெள்ளமே வராத அருவி' என்று கழகம் ஊர் ஊராக விளம்பரம் வைத்ததும், ஆள் வராத கிழமை என்று ஒன்று இல்லாமலே போயிற்று. பதிவு சைபரான நாளில்தான் மதகைத் திறப்பது என்று விதி செய்தார்கள். பார்வைக்கு நியாயமான விதி. ஒரே ஒரு ஆள் பதிவு செய்திருந்தாலும் வெள்ளம் காத்திருக்கும்.

வருஷா வருஷம் புது வெள்ளம் வேறு வந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"டோல்கேட்டுல பஸ் நிக்கிற மாதிரிதாம்மா," என்று ஜெபராஜ் விளக்கினார். "முன்னால போனதுதான் முன்னால வரும். ஒரு சைபருக்கு ஒரு வெள்ளம். உங்க வீட்டுக்காரர் மொத பஸ்."

"டிரைவர் எப்ப எடுப்பாரு சார்?"

கீழே டெல்டாவில் விவசாயிகள் எங்கள் தண்ணீர் எங்கே என்று கேட்டார்கள். கழகம் அவர்களுக்குத் தேதி கொடுத்தது. தேதி வந்ததும் வேறு தேதி கொடுத்தது.

நஞ்சம்மாவுக்கு உட்காருகிற பழக்கமே விட்டுப்போயிற்று. நின்றுகொண்டே மீன் வறுத்தாள், நின்றுகொண்டே சாப்பிட்டாள். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தலைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். உட்கார்ந்தால் அந்த நேரம் பார்த்து மதகு திறந்துவிடும், தான் கவனிக்காமல் விட்டுவிடுவோம் என்று ஒரு தவிப்பு. அம்மாவும், பரிசல்காரரான அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது, அந்தச் சடங்குகளுக்கு நடுவிலும் இரண்டு தடவை ஓடிப்போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஒரு தடவை சென்னையிலிருந்து வந்த பெண் ஒருத்தி, வறுவல் தின்றுகொண்டே கதையைக் கேட்டு, அழுது, அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டாள். நஞ்சம்மா சந்தோஷப்பட்டாள். நாலு பேருக்குத் தெரிந்தால் நல்லது நடக்கும் என்று நினைத்தாள். தெரிந்தது. வெள்ளத்திலிருந்து மாரப்பன் வெளியே வருவதைப் பார்க்க, ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் பதிவு செய்துகொண்டு வர ஆரம்பித்தார்கள். கழகம் 'மாரப்பன் பார்வை மேடை' என்று இரும்பில் ஒன்று கட்டி, குடை போட்டு, நாற்காலியும் போட்டது.

"அம்மா, இன்னைக்கு வருவாரா?" என்று பிள்ளைகள் கேட்கும்.

"நீங்க வராம இருந்தா வருவாரு கண்ணு," என்பாள், மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

"சரி, அப்போ அடுத்த தடவை வர்றப்போ பார்க்கலாம்," என்று அந்தக் குடும்பம் சமாதானமாகிப் போகும்.

இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இந்த ஆடியில் ஒரு நாள், தலை பஞ்சாக வெளுத்த ஜெபராஜ் கடைக்கு வந்தார். மீன் வேண்டாம் என்றார். அதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இந்த மாசத்தோட எனக்கு ரிட்டயர்மென்ட்டும்மா. ஆவணி பொறந்தா புது மதகு வைக்கப் போறாங்க."

"வெக்கட்டும். அதுல எப்ப வருவாரு?"

"அதுல தேதியே கிடையாது. உள்ள போனது போனதுதான். நிரந்தர ஒத்திவைப்புன்னு பேரு. உள்ள ஏற்கெனவே இருக்கிறதுக்கும் சேர்த்து."

"தேதியே இல்லைன்னா?"

"வராதும்மா."

சட்டியில் மீன் கருகியது. அவள் இருபது வருஷத்தில் மீனைக் கருகவிட்டது அதுதான் முதல் தடவை.

ஜெபராஜ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஆடி முடியறதுக்குள்ள ஒரே ஒரு நாள் சைபர் வந்தாப் போதும். தெனமும் காலையில பத்து மணிக்கு மதகு தானா எண்ணிப் பாக்கும். சைபர்னா தானா தொறந்துரும், யார் கையெழுத்தும் வேண்டாம். ஆரம்பத்துல நான்தான் அப்படிப் பண்ணி வெச்சேன். மேல உள்ளவங்களுக்கு அது மறந்தே போச்சு. நீங்க ஞாபகப்படுத்திராதீங்க."

ஆடி மாதத்தில் மத்தளப்பாறைக்கு ஒரு ஆள்கூட வரக் கூடாது. திருச்செந்தூரில் கடல் வேண்டாம் என்று சொல்வது மாதிரிதான். நஞ்சம்மா அன்றைக்கு முழுவதும் கடைக்கும் கரைக்கும் நடந்தாள். வெள்ளம் வருகிறது என்று புரளி கிளப்பலாம் என்றால், வெள்ளமே வராத அருவி என்று குழந்தைக்கும் தெரியும். பேதி பரவுகிறது என்று சொல்லலாம் என்றால், பக்கத்துக் கடைக்காரிகளின் முகம் கண்ணில் வந்தது. சாயங்காலம் பச்சியப்பன் பரிசலுக்குத் தார் பூசிக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்றாள்.

"அண்ணா, பரிசலை எல்லாம் கவுத்தச் சொல்லுங்க."

"என்னம்மா சொல்ற?"

"எம் வீட்டுக்காரருக்குக் காரியம் பண்ணப் போறேன்."

பச்சியப்பன் தார்க் குச்சியைக் கீழே வைத்தார். "அன்னைக்கு நான் கவுத்து வெச்சப்ப, நீதானம்மா ஒவ்வொண்ணா நிமித்தி வெச்ச? உசுரோட இருக்காருன்னு என்கிட்ட அந்தச் சண்டை போட்ட?"

"அன்னைக்குப் புதன்கிழமை பக்கத்துல இருந்துச்சுண்ணா."

பரிசல் இல்லை, மீன் இல்லை, எண்ணெய்க் குளியல் இல்லை என்றால் எவன் வருவான் என்பது அவருக்கும் புரிந்தது.

"சும்மா பேருக்குப் பண்றதுன்னா ஊரு ஒத்துக்காது. சாவுன்னா சாவுதான். தாலி இருக்கேம்மா."

"கழட்டிடறேன்."

"அவன் வந்துட்டா?"

"வந்துட்டா வேற கட்டுவாரு. வரட்டும் மொதல்ல."

மறுநாள் காலையில் மத்தளப்பாறைக் கரை நெடுக, பரிசல்கள் கருப்பு ஆமைகள் மாதிரி கவிழ்ந்து கிடந்தன. அடுப்புகள் அணைந்தன. மசாஜ் செய்கிறவர்கள் எண்ணெய்ப் புட்டிகளை மூடிவைத்துவிட்டுத் திண்டுகளில் படுத்துத் தூங்கினார்கள். கழகத்து அதிகாரிகள் ஜீப்பில் வந்து குதித்தார்கள். சாவு விழுந்த ஊரில் அடுப்பைப் பற்றவை என்று சொல்ல அவர்களிடம் எந்தச் சட்டமும் இல்லை. அவர்களுக்கே மத்தியானம் சோறு கிடைக்காமல், பெரிய ஊருக்குத் திரும்பிப் போனார்கள்.

வெறும் தண்ணீர் விழுவதைப் பார்க்க யாரும் வேன் பிடிக்க மாட்டார்கள். காரியத்துக்குக் குறித்த நாளுக்கான பதிவு, ஆயிரக்கணக்கிலிருந்து மளமளவென்று இறங்கியது. நஞ்சம்மா பலகைக்கு எதிரிலேயே நின்றாள். நூறு, நாற்பது, ஒன்பது. காரியத்துக்கு முதல் நாள் மத்தியானம் ஒன்று என்று வந்து அப்படியே நின்றுவிட்டது. பொழுது சாய ஆரம்பித்தும் அந்த ஒன்று அசையவில்லை.

ஜெபராஜ் எங்கேயோ தேடி ஒரு தொலைபேசி எண்ணைக் கொண்டுவந்தார். விருதுநகர்க்காரர், பெயர் பரமகுரு, தனி ஆள். நஞ்சம்மா பேசினாள்.

"நாளைக்குப் பரிசல் ஓடாதுங்க ஐயா."

"எனக்குப் பரிசல்னா தலை சுத்தும்மா. வேண்டாம்."

"மீன் கிடைக்காதுங்க."

"நான் சைவம்."

"எண்ணெய்க் குளியலும் இல்லைங்க."

"டாக்டர் கூடாதுன்னுட்டார். நான் மாரப்பனைப் பார்க்க வர்றேன். வருஷந்தவறாம ஆடியில வந்து அந்த மேடையில உட்கார்ந்துட்டுப் போவேன். கூட்டமில்லாம இருக்குன்னு சொன்னாங்க, நல்லதாப் போச்சு. என்னைக்காவது ஒரு நாள் வருவான்ல? வந்தா அவனுக்குத் தெரிஞ்ச முகம் ஒண்ணாவது இருக்க வேண்டாமா?"

அவருக்கு உங்களைத் தெரியவே தெரியாதே என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. தாலியைக் கழற்றுகிறேன் என்று பச்சியப்பனிடம் சொன்னபோதுகூட அவள் சொல்லாமல் விட்ட வார்த்தை ஒன்று இருந்தது. இந்த மனிதரிடம் அதைத் தவிர வேறு எதுவும் செல்லாது.

"அவரு செத்துட்டாருங்க."

சொன்னதும் நடுரோட்டில் பலகைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"யாரும்மா பேசறது?"

"அவரு சம்சாரங்க."

"அடப்பாவமே. துக்க வீட்டுக்கா வேடிக்கை பார்க்க வர்றேன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்? மன்னிச்சுக்கோம்மா. நான் ரத்து பண்ணிடறேன். நீ மனசைத் தேத்திக்கோ. வயித்தைக் காயப் போடாதே." அவர் நல்ல மனிதர். சொல்லிவிட்டு வைக்காமல், மனைவியை இழந்த தன் கதையையும் சொல்லி, வெகுநேரம் ஆறுதல் சொன்னார். நஞ்சம்மாவுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அத்தனை வருஷமாக எடுத்து வைத்திருந்த அழுகை. நிறுத்த முடியவில்லை.

அழுது முடித்து நிமிர்ந்தபோது, பலகையில் சிவப்பாக, முட்டை மாதிரி, சைபர் இருந்தது.

மறுநாள் காலையில் கரையில் காரியம் நடந்தது. போட்டோவுக்கு மாலை போட்டார்கள். பெண்கள் வளையலை உடைத்தார்கள். தாலியை அவளே கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டாள். அவள் தம்பி வாங்கிவந்த கோடிப் புடவையைத் தோளில் போர்த்தினார்கள். பந்தலுக்குப் பின்னால் சாவுச் சாப்பாடு கொதித்துக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு மதகில் சங்கு ஊதியது. எல்லோரும் மேட்டுக்கு ஏறினார்கள்.

முதலில் மத்தளச் சத்தம் மாறியது. பிறகு இரண்டு தூணுக்கும் நடுவே காவிரி செக்கச்செவேலென்று எழும்பி வந்தது. அதில் இருபது வருஷத்துக்கு முன்னால் முறிந்த மரங்கள், இலை வாடாமல் மிதந்து வந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு பரிசல், பம்பரம் மாதிரி சுழன்றுகொண்டு. அதற்குள் ஒருவன், ஒரு கட்டையைப் பார்த்து, அதன் அம்மாவையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தான்.

பையன்கள் கயிறு வீசினார்கள். எல்லாம் அவன் போன பிறகு பிறந்த பிள்ளைகள். இழுத்துப் போட்டதும் அவன் இருமி, சேற்றைத் துப்பினான். "போச்சு. நல்ல தேக்கு. கொக்கி வுட்டுப்போச்சு. நீங்கள்லாம் எந்த ஊருப் பசங்கடா?" என்றான்.

பச்சியப்பன் ஓடிப்போய், மாலை போட்ட போட்டோவைக் குப்புறக் கவிழ்த்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

மாரப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்தான். கவிழ்ந்த பரிசல்களைப் பார்த்தான். புகை இல்லாத கடைகளைப் பார்த்தான். பரிசல்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. முகம் சுருங்கிவிட்டது. பிறகு, எல்லோருக்கும் முன்னால், வெறும் நெற்றியும் வெறும் கழுத்துமாக, நரைத்த தலையோடு, கோடியைப் போர்த்திக்கொண்டு நின்றவளைப் பார்த்தான். நஞ்சம்மாவுக்கு அவள் அம்மாவின் முகவாக்கு. நாற்பத்தைந்து வயதில் அந்த அம்மா எப்படி இருந்தாளோ, அச்சு அசல்.

அவன் தட்டுத்தடுமாறி ஏறிவந்து அவள் முன்னால் நின்றான். மீசையில் தண்ணீர் சொட்டியது. ஒரு நரை இல்லை.

"அத்தை," என்றான். "மாமாவா அத்தை? போன வாரங்கூட நல்லாத்தான பேசிட்டிருந்தாரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? நஞ்சு எங்க? அழுதுட்டே கெடக்கறாளா?"

இந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் எத்தனையோ பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தாள். திட்டுவதற்கு, அழுவதற்கு, கேட்பதற்கு. வாயைத் திறந்தாள். அந்தக் கருகரு முடியைப் பார்த்தாள். ஜெபராஜும் பச்சியப்பனும் அவரவர் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள இருக்கா," என்றாள் நஞ்சம்மா. "தலைக்கு ஊத்திட்டிருக்கா. வர நேரமாகும். நீங்க ஈரத்தோட நிக்காதீங்க மாப்பிள்ளை. வந்து சாப்பிடுங்க."

அவன் மறுபேச்சில்லாமல் பந்தலுக்குள் போய் இலை முன்னால் உட்கார்ந்தான். மாமா தங்கமான மனுசன் என்று சொல்லிச் சொல்லி அழுதான். அழுதுகொண்டே பிசைந்தவன், பாதியில் கையை நிறுத்திக்கொண்டான்.

"நஞ்சு வரட்டும் அத்தை. அவளும் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா."

"அவளுக்கு எடுத்து வெச்சிருக்கேன்," என்று சொல்லி, அவன் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.